அஞ்சு புகார், அஞ்சு பதில்

இப்படி உக்காருங்க தாயி. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. லோகேஷ் தம்பி சாவி எடுத்துட்டு வாரேன்னுட்டுப் போயிருக்கானா? அப்ப அரை மணி நேரம் ஆவும். மேனேஜர்னு பேரு, கழுத்துல டை வேற. சாவிக்கொத்தை எங்க வச்சோம்னு தேடுததுதான் அவனுக்கு முழுநேர உத்தியோகம்.

உங்க அம்மாவுக்கா வீடு பாக்கீங்க? எந்த ஊரு? சேலமா. வயசு? அறுபத்தொம்பது. நல்லா நடமாடுதாங்கள்ல? சரி. அவங்களுக்கு இங்க வரச் சம்மதமா?

என்ன தாயி, பேச்சையே காணும். சரி சரி. என்னையும் ஒருத்தரும் கேக்கலதான்.

என் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. தாலுகா ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷ சர்வீஸ். கண்காணிப்பாளரா ரிட்டயர் ஆனேன். கல்யாணம் பண்ணிக்கிடல. முப்பது வருஷம் ஒரே வாடகை வீடு. வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைக இடிச்சுக் கட்டணும்னுட்டாங்க. எங்க அண்ணன் மவன் சங்கரேஸ்வரன் இங்க கோயம்புத்தூர்லதான் இருக்கான். "அத்தை, உங்களுக்கு அருமையான இடம் பாத்திருக்கேன். எல்லாம் உங்க வயசுக்காரங்க. பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இருக்காது"ன்னான். அவன் வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. அதைப் பத்தி நானும் கேக்கல, அவனும் சொல்லல. நாங்க கவுரவமான குடும்பம்.

இந்த இடத்துக்குப் பேரு பாத்தீங்களா? இளந்தென்றல். உள்ள இருக்கதுல முட்டு வலிக்காத ஆளு தோட்டக்காரன் ஒருத்தன்தான்.

பேச்சுத்துணை எனக்கு எதுக்கு, சொல்லுங்க. ஃபைலோட வாழ்ந்தவ நான். ஃபைல் குறுக்கப் பேசாது, நம்மளப் பத்தி அடுத்த ஃபைல்கிட்டப் போயிச் சொல்லாது. இங்க வந்தா எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நீங்க எதுல ரிட்டயர்?" சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாங்க. ஒவ்வொரு வாசல்லயும் பேர்ப்பலகை. பேருக்குக் கீழ பழைய உத்தியோகம். 'ஓய்வு'ங்கிறது மட்டும் எறும்பு சைஸுக்கு. இந்த வயசுல எதுக்கு இந்தப் பெருமைன்னு எனக்குச் சிரிப்பா வரும். நானும் ஒரு பலகை மாட்டினேன், அது வேற விஷயம். தபால்காரருக்குக் குழப்பம் வரக்கூடாது பாருங்க.

காலைல ஆறரை மணிக்குச் சிரிப்பு வகுப்பு. உங்க அம்மாகிட்ட இதை முதல்லயே சொல்லிருங்க. புல்தரையில வட்டமா நிக்கவச்சு ஹா ஹான்னு சிரிக்கச் சொல்லுவாங்க. ராமபத்ரன் சார்னு ஒருத்தர், இங்க குடியிருக்கவங்க சங்கத்துக்குத் தலைவர், ஏதோ பெரிய கம்பெனியில ஜெனரல் மேனேஜரா இருந்தவர். அவர் சிரிச்சா எல்லாரும் சிரிக்கணும், அவர் நிறுத்தினா நிறுத்தணும். என்னையும் கூப்பிட்டாங்க. முகாந்திரம் இல்லாம என்னால சிரிக்க முடியாதுன்னு எழுத்துப்பூர்வமா சொல்லிட்டேன்.

அப்படி நிம்மதியா, ஒருத்தர் தொந்தரவும் இல்லாம, ஒரு மாசம் இருந்தேன். அதுக்குப் பொறவுதான் ஏழாம் நம்பருக்கு அந்தம்மா வந்துச்சு. நான் எட்டு. நீங்க பாக்க வந்தது ஒம்பது.

வேலாத்தாள்னு பேரு. காங்கேயம் பக்கத்து ஊரு. என்னைவிட நாலு வயசு மூப்பு. புருசன் முப்பது வருஷம் முந்தியே தவறிட்டாராம். மாடு வச்சுப் பால் ஊத்தி ஒத்தை மகனைப் படிக்க வச்சிருக்கு. அந்த மகன், யுவராஜ், ஆஸ்திரேலியாவுலருந்து வந்தான். எட்டு மாட்டையும் ஒரே நாள்ல வித்தான். மறுநாள் அம்மாவை இங்க கொண்டாந்து விட்டான். நாலாம் நாளு ஏரோப்ளேன் ஏறிட்டான். வேகமான பையன்.

வந்த மறுநாளு, காலைல நாலு மணி. சர்ர்க் சர்ர்க்குன்னு சத்தம். என்னடான்னு கதவுல இருக்க ஓட்டை வழியாப் பாக்கேன், அந்தம்மா குனிஞ்சு நடையைப் பெருக்கிட்டு இருக்கு. அது வாசலை மட்டுமா? இந்த மாடியில எட்டு வீடு, எட்டு வாசலையும். என் வாசலையும்! என் வாசலைப் பெருக்க இவங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? கேட்டா நியாயமா இல்லையா?

நேரா கேட்டிருக்கலாமேன்னு நினைக்கீங்க. நேரா கேட்டா அது சண்டை தாயி. எழுதிக் கேட்டாத்தான் நடவடிக்கை. கீழ ஆபீஸ் வாசல்ல புகார்ப்பெட்டி இருக்கு பாருங்க, பேர் போடாமப் போடலாம். போட்டேன். 'மேற்படி குடியிருப்பாளர் அதிகாலை நான்கு மணிக்கு, எவருடைய ஒப்புதலும் இன்றி, எட்டு வீட்டு வாசல்களையும் உள்ளடக்கிய பொது நடைபாதையைப் பெருக்குகிறார்' அப்படின்னு ஆரம்பிச்சு ஒண்ணரைப் பக்கம். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் கழிச்சு எழுதின முதல் தாளு. கை கொஞ்சங்கூட மறக்கல.

ரெண்டு நாள் கழிச்சுச் சாயந்தரம் கதவைத் தட்டுற சத்தம். தொறந்தா அந்தம்மா நிக்கிது, கையில ஒரு காயிதம்.

"ஏனுங் அம்மிணி, நீங்க பெரிய ஆபீஸ்ல இருந்தவீங்களாமா. இதென்னமோ இங்கிலீசுல குடுத்திருக்கறாங்க. என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அம்மிணி! முப்பத்தாறு வருஷத்துல என்னை மேடம்னு கூப்பிட்டிருக்காங்க, அம்மான்னு கூப்பிட்டிருக்காங்க, முதுகுக்குப் பின்னால வேற என்னவெல்லாமோ கூப்பிட்டிருக்காங்க. அம்மிணின்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல.

வாங்கிப் பாத்தா என் புகார்தான். லோகேஷ் தம்பி இங்கிலீஷ்ல மாத்தி நோட்டீஸ் ஆக்கியிருக்கான். கம்ப்யூட்டர்ல குடுத்து மாத்தினானாம். நான் 'நடைபாதையைப் பெருக்குகிறார்'னு எழுதியிருந்தேனா, அதை 'நடைபாதையின் எண்ணிக்கையை அதிகப்படுத்துகிறார்'னு போட்டு வச்சிருக்கான்! எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. ஒரு நல்ல மனுவை இப்படியா கொலை பண்ணுவாங்க?

விஷயத்தைச் சொன்னேன். யாரோ புகார் குடுத்திருக்காங்கன்னு சொன்னேன். யாருன்னு நான் சொல்லல, அந்தம்மாவும் கேக்கல.

"மாட்டுக் கட்டுத்தரை கூட்டிக் கூட்டிப் பழகின கையிங்க அம்மிணி. நாலு மணிக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சா மாட்டைக் காணோம். கூட்டறதுக்கு நடையாச்சும் இருக்குதேன்னு கூட்டினேன். இப்ப என்னங்க பண்றது?"

"ஏழு நாளுக்குள்ள பதில் எழுதணும்."

"எனக்கெங்கீங்க எழுதத் தெரியும்? எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். போனாப் போவுது, வுட்டுருங்க."

பதில் எழுதாம விடுததா? எம் மேசையில ஒரு தாளு பதில் இல்லாமக் கெடந்ததில்ல தாயி. உள்ள வாங்கன்னேன். உக்காந்து எழுதினேன் பாருங்க மூணு பக்கம்! பெருக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல. நியமிக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர் ஒம்பது மணி வரைக்கும் வரதில்ல. கடைசியா ஒரு வரி போட்டேன்: 'புகார்தாரர் அந்நேரத்தில் விழித்துக்கொண்டு கதவுத் துவாரம் வழியே பார்த்துக்கொண்டிருந்ததன் நோக்கம் யாது என்பது விளக்கப்படவில்லை.' அந்த வரியை எழுதி முடிச்சதும் எனக்கே பெருமை தாங்கல.

புகாரைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அந்தம்மா ஒரு தூக்குப்போணியில கச்சாயம்னு ஒரு வெல்லப் பலகாரம் கொண்டாந்து குடுத்துச்சு. தின்னேன். தின்னுட்டு யோசிக்கேன், என்ன இது, என் மனு தோத்துப்போச்சே! தோக்குத மனுவா அது? முதல் மனுவுல ஒரு ஓட்டை இருந்துச்சு, அதான் விஷயம். அதை அடைச்சு ரெண்டாவது எழுதினேன். வீட்டுக் கதவைப் பகல் முழுக்கத் தொறந்து போட்டு, தாளிப்பு வாசனையைப் பொது இடத்துல பரவ விடுததா. நோட்டீஸ் வந்துச்சு. அந்தம்மா எடுத்துட்டு வந்துச்சு. பதில் எழுதினேன். தள்ளுபடி. மூணாவது, நடையில ஜமுக்காளம் விரிச்சு நிலக்கடலை உரிக்கிறதா, அக்கம்பக்கத்து ஆளுகளைக் கூட்டி வச்சு அனுமதியில்லாக் கூட்டம் நடத்துததா. அதுக்கும் பதில். தள்ளுபடி.

சிரிக்காதீங்க. இது சாதாரண வேலை இல்ல. பதில் எழுதணும்னா சம்பவ இடத்தை ஆய்வு பண்ணணும். அதனால சாயங்காலமானா ஏழாம் நம்பருக்குப் போவேன். அந்தம்மா அரிசிம்பருப்பு சாதம் பண்ணும். அதுல நெய்யை ஊத்தி, "தின்னுட்டு எழுதலாம் அம்மிணி, நோட்டீஸ் எங்கியும் ஓடிப் போயிராது"ங்கும். சர்வீஸ்ல மனுதாரர் வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சவ இல்ல நான். ஆனா ரிட்டயர் ஆனவங்களுக்கு அந்த விதி பொருந்தாது, நான் எடுத்துப் பாத்துட்டேன். நிலக்கடலையையும் உரிச்சுப் பாத்தேன், எவ்வளவு சத்தம் வருதுன்னு. ஒரு நாள் ஆய்வுல முடிவு தெரியல. பதினஞ்சு நாள் உரிக்க வேண்டியதாப் போச்சு.

ஒரு நாள் உரிச்சுட்டு இருக்கப்பக் கேட்டுச்சு, "ஏன் அம்மிணி கல்யாணம் பண்ணிக்கல?"

எல்லாரும் கேட்ட கேள்விதான். எல்லாருக்கும் ஒரு பதில் வச்சிருப்பேன், தம்பி தங்கச்சிக்கு முடிச்சுட்டுப் பாக்கலாம்னு இருந்தேன், காலம் போயிட்டுன்னு. அன்னைக்கு என்னமோ அந்தப் பதில் வாயில வரல. "யாரும் அவ்வளவு பிடிச்சுக் கேக்கல"ன்னுட்டேன். அந்தம்மா உரிச்ச கடலையில நல்ல பருப்பாப் பொறுக்கி என் பக்கம் தள்ளி வச்சுது.

பொறவு அதுவும் ஒரு விஷயம் சொல்லிச்சு. "யாருகிட்டயும் சொல்லீராதீங்க அம்மிணி. நடை கூட்டறப்ப வாய் தானா மயிலை, பில்லை, செவலைன்னு மாட்டைக் கூப்புட்டுருது. கூப்புட்டுட்டு நானே சிரிச்சுக்குவேன். கிறுக்குப் புடிச்சுருச்சோ என்னமோ"ன்னுச்சு. நான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

நாலாவது புகாரு, காம்பவுண்டுக்கு வெளிய திரியுத மாட்டுக்குக் காய்த்தோலு போடுததைப் பத்தி. அதுக்கு நான் எழுதின பதிலைப் படிச்சுட்டு ராமபத்ரன் சார் கமிட்டியில என்ன சொன்னாராம் தெரியுமா? "பதில் எழுதினவங்க மூளைக்காரங்க. புகார் எழுதினது யாரோ வேலையத்த அற்பம்." லோகேஷ்தான் வந்து சொன்னான்.

அற்பமா! நான் அற்பமா! எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. மூளைக்காரின்னு சொன்னது காதுலயே ஏறல பாத்துக்கிடுங்க. அற்பம்னு சொன்னதுதான் உள்ளயே நின்னுட்டு. இந்தத் தடவை அசைக்க முடியாத ஆதாரத்தோட எழுதணும்னு உக்காந்தேன். எழுதினேன்.

என்ன எழுதினேன்னு உங்களுக்கு இப்பத் தெரிஞ்சிருக்கும். முகத்தைப் பாத்தாலே தெரியுது.

ஆமா. 'இல்லாத கால்நடைகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு, நிதானம் தவறிய நிலையில் அதிகாலையில் நடமாடுகிறார்.' வரி எப்படி? கேட்டீங்களா, அதுல ஒரு சொல்லைக் கூட எடுக்க முடியாது. பெட்டியில போட்டுட்டு வந்து நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் நோட்டீஸ் வரல. அதுக்கு மறுநாளும் வரல. மூணாம் நாளு லோகேஷ் வாரான், முகத்துல ஈயாடல. சங்க விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்காம். ஒரே ஆளு மேல அஞ்சு புகார் வந்தா, அஞ்சும் தள்ளுபடியானாலும், விசாரணை வைக்கணுமாம். வேலாத்தாம்மாவை சி பிளாக்குக்கு மாத்தப் போறாங்களாம்.

சி பிளாக் தெரியுமா தாயி? பின்னால, கொய்யாமரம் இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம். போர்டுல 'அரவணைப்பு'ன்னு போட்டிருக்கும். அப்ப தாழ்ப்பாள் எல்லாம் வெளியில இருந்துச்சு. உங்க அம்மாவுக்கு வீடு காட்டுதப்ப அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, நீங்களாக் கேட்டுப் பாருங்க. நெனவு தப்பினவங்களை அங்க வைக்காங்க. யுவராஜுக்கு ஈமெயில் போயிட்டு. 'உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க'ன்னு ஒரு வரி பதில் வந்துட்டு. கீழ சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு போட்டிருந்தான்.

அன்னைக்குச் சாயந்தரம் அந்தம்மா வந்து என் கட்டில்ல உக்காந்துச்சு. கச்சாயம் இல்ல, காயிதம் இல்ல. "அம்மிணி, நீங்க இருக்கீங்கல்லங்க. நாளைக்கு நீங்க பேசுங்க. நீங்க பேசினா நடக்கும்"ன்னுச்சு.

மறுநாள் சிரிப்பு வகுப்பு முடிஞ்ச கையோட விசாரணை, கீழ ஹால்ல. சிரிச்சுச் சிரிச்சு வேர்த்துப் போயி நாப்பது அம்பது பேரு துண்டால தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ராமபத்ரன் சார் எந்திரிச்சார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்"ன்னார். அப்படி ஆரம்பிச்சா யாரையோ வெளிய தள்ளப் போறாங்கன்னு அர்த்தம், எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். அஞ்சு புகாரையும் ஒண்ணொண்ணாப் படிச்சார்.

நான் நாலையும் அடிச்சு நொறுக்கினேன். கைதட்டினாங்க தாயி. அஞ்சாவதைப் படிச்சார். 'இல்லாத கால்நடைகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு'ன்னு அவர் வாயால கேக்கப்ப, எனக்குப் பக்கத்துல அந்தம்மா மெதுவாத் திரும்பி என்னைப் பாத்துச்சு. அந்த விஷயம் அதுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

ராமபத்ரன் சார் விடல. "இதை எழுதினவர் யாரோ பொறுப்பான அதிகாரியா இருந்தவர்னு தெரியுது, நடையைப் பாருங்க, என்ன தெளிவு!"ன்னார். இந்த வார்த்தைக்குத்தான் நான் அஞ்சு மனு எழுதினேன். அது கிடைக்கப்ப எனக்கு வேண்டாம்னு ஆயிட்டு.

"இதை வாபஸ் வாங்க முடியாதா?"ன்னேன்.

"எழுதினவர் யாருன்னே தெரியாதே மேடம். மொட்டைக் கடுதாசியை யாரு வாபஸ் வாங்குறது?"

"நான் வாங்குதேன். அது என் மனு. அஞ்சும் என் மனுதான்."

அம்பது பேரு துண்டும் அப்படியே நின்னுட்டு. "அப்ப... பதில்?"ன்னார் ராமபத்ரன் சார். "அதுவும் நான்தான்"ன்னேன். விசாரணை ஆரம்பிச்ச பொறவு வாபஸ் செல்லாதுன்னார். தீர்ப்புக்கு முன்னால எந்த நிமிஷமும் வாபஸ் வாங்க மனுதாரருக்கு உரிமை இருக்குன்னேன். அஞ்சுல அஞ்சு போனா மீதி என்னன்னு கேட்டேன். வழக்கு முடிஞ்சுது. என் பேர்ல கண்டனத் தீர்மானம் ஒண்ணு போட்டாங்க. போட்டுட்டுப் போறாங்க, அதுலயும் ரெண்டு இலக்கணப் பிழை.

ஜெயிச்சுட்டோம்னு திரும்பிப் பாக்கேன், பக்கத்து நாற்காலி காலி.

மறுநாள் காலைல நாலு மணிக்கு முழிப்பு வந்துச்சு. சர்ர்க் சத்தம் இல்ல. ஏழாம் நம்பர்ல பூட்டு. முதல் பஸ்ஸுக்கே அந்தம்மா தன் அண்ணன் மகள் ஊரு நல்லிக்காட்டுக்குப் போயிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னார்.

அப்பாடான்னு இருந்துச்சு. நிஜமாச் சொல்லுதேன், என்ன அமைதி! கதவெல்லாம் சாத்தியிருக்கு, தாளிப்பு வாசனை இல்ல, புகார் எழுத ஒரு விஷயமும் இல்ல. பத்தொம்பது நாள் அப்படி அமைதியா இருந்தேன். என்ன, தூக்கம் மட்டும் நாலு மணிக்குக் கலைஞ்சுரும். சத்தம் வருதப்பக் கலைஞ்சா ஞாயம். சத்தம் இல்லாம ஏன் கலையணும்? ஒரு நாளு விளக்குமாத்தை எடுத்து நானே பெருக்கிப் பாத்தேன், நான் எழுதின அளவுக்குச் சத்தம் வருதான்னு தெரிஞ்சுக்கிட. என் வாசல்லருந்து ஏழாம் நம்பர் வரைக்கும். பெரிசா ஒண்ணும் சத்தம் வரல. நான் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கேன்.

இருபதாம் நாளு பஸ் ஏறினேன். காங்கேயத்துல இறங்கி, டவுன் பஸ் மாறி, நல்லிக்காட்டுக்கு. பையில ஏழு நகல் வச்சிருந்தேன், மன்னிப்புக் கடிதம். ஒண்ணு 'வருந்துகிறேன்'னு முடியும், ஒண்ணு 'மனப்பூர்வமாக வருந்துகிறேன்'னு முடியும். எது பொருத்தம்னு பஸ்ஸுல முடிவு பண்ண முடியல.

நான் என்ன நினைச்சுப் போனேன்னா, மாடும் கன்னுமா இருக்கும், அந்தம்மா பால் கறந்துட்டு சந்தோசமா இருக்கும்னு. போயிப் பாத்தா தாயி, டைல்ஸ் போட்ட வீடு, டிவியில சீரியல் அலறுது. அண்ணன் மகள் சம்பூரணம் தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போயிருக்கா. அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் சேர்ல ஓரமா உக்காந்து சீரியலைப் பாத்துட்டு இருக்கு. ஊருலயே மாடு ரெண்டு வீட்டுலதான் இருக்காம். எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துச்சு, பாக்கெட் பால்ல.

"வாங்க அம்மிணி"ன்னுச்சு. அந்த ஊருப் பக்கம் எதிரி வந்தாலும் வாங்கன்னுதான் சொல்லுவாங்க, அதை நான் கணக்குல எடுத்துக்கிடல. பொறவு டிவியை நிறுத்திட்டுக் கேட்டுச்சு.

"அந்த மாட்டுச் சமாச்சாரத்தை எதுக்குங்க அம்மிணி எழுதினீங்க?"

பையில ஏழு கடிதம் இருக்கு. கை அதுக்குப் போகல.

"நல்லா எழுதியிருக்கேன்னு சொல்லணும்னு எழுதினேன்."

"ஆரு சொல்லோணும்னு?"

"தெரியல. யாராவது."

அந்தம்மா கீழ பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. "நல்லாத்தானுங்க எழுதியிருந்தீங்க. அந்தாளு படிக்கறப்ப எனக்கே எம்மேல பயமா இருந்துச்சு"ன்னுச்சு. அழுகுதோன்னு நினைச்சேன். தோளு குலுங்குது. பாத்தா சிரிக்கிது. எனக்குச் சிரிக்கதா அழுகதான்னு தெரியல. காப்பி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுக்கா. வாங்க போவோம்"ன்னேன். அக்கான்னு எப்ப வாயில வந்துச்சுன்னு தெரியல. நாலு வயசு மூப்பு இல்லியா, முறைப்படி அப்படித்தானே கூப்பிடணும்.

"வந்தா நாளையிலிருந்து நீங்களும் நாலு மணிக்கு ஒரு சீமாறு எடுக்கோணும்"ன்னா.

"ஒருநாள் விட்டு ஒருநாள்"ன்னேன். எடுத்த எடுப்புலயே எல்லாத்துக்கும் ஒத்துக்கிடக் கூடாது தாயி. "செவ்வாய்க்கிழமை சேத்து"ன்னா. சரின்னுட்டேன். வெயில் தாழக் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்க வந்துட்டோம்.

இது நடந்து அஞ்சு மாசம். இப்ப எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னா, எங்க நடக்குது? போன மாசம் சங்கத் தேர்தல். ராமபத்ரன் சார் மக வீட்டுக்கு அமெரிக்கா போயிட்டார். தலைவர் பதவிக்கு நான் நின்னேன். என்னைவிடத் தகுதியான ஆளு இங்க யாரு இருக்கா? போட்டியில்லாமத் தேர்ந்தெடுப்பாங்கன்னு ஏற்புரை கூட எழுதி வச்சுட்டேன். அப்ப அக்கா வாரா, கையில ஒரு காயிதம்.

"அம்மிணி, கீழ் வீட்டு சனமெல்லாம் என்னையும் நிக்கச் சொல்லுதுங்க. சி பிளாக் தாழ்ப்பாளை உள்பக்கம் மாத்தோணும்னு நானும் நினைக்கறேன். இந்தப் பாரத்தை எப்படி எழுதறதுங்க?"

எனக்கு எதிரா நிக்க, என்கிட்டயே மனு எழுதச் சொல்லுதா! எழுதினேன். தப்பா எழுதி விட்டுருக்கலாம், தள்ளுபடி ஆயிருக்கும். கை கேக்கல. பிரசார நோட்டீஸும் கேட்டா, அதுவும் எழுதினேன். என் நோட்டீஸைவிட அது நல்லா அமைஞ்சு போச்சு, என்ன பண்ண?

சிரிப்பு வகுப்பு முடிஞ்சு வாக்கெடுப்பு. மொத்தம் நாப்பத்தேழு ஓட்டு. அக்காவுக்கு இருபத்துநாலு. எனக்கு இருபத்துமூணு.

மறு எண்ணிக்கை கேட்டேன். லோகேஷ் மூணு தடவை எண்ணினான். மூணு தடவையும் அதேதான். இப்ப அவ தலைவி, நான் செயலாளர். கூட்டம் அவ அடுப்பங்கரையில நடக்கு. அவ சொல்லுதா, நான் எழுதுதேன். சி பிளாக்குல தாழ்ப்பாளை உள்ள மாத்தியாச்சு. கேட்டுப் போயிப் பாருங்க.

எனக்கு ஆதங்கம் என்னன்னா, அன்னைக்கு எண்ணி முடிச்சதும் அக்கா அத்தனை பேரு முன்னாடி, "நான் அம்மிணிக்குத்தானுங்க போட்டேன்"னு கத்திச் சொல்லுதா! வாக்கு இரகசியம்னா என்னன்னு தெரியாத ஆளு, அவகிட்டச் சங்கத்தைக் குடுத்திருக்காங்க. அதோட விட்டாளா? என் பக்கம் திரும்பி, "நீங்க ஆருக்குங்க போட்டீங்க?"ன்னா. ஹால்ல எல்லாரும் என்னையே பாக்காங்க. நான் லோகேஷைப் பாத்து, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைப்பான்னேன்.

நீங்களே சொல்லுங்க தாயி. ஒரே ஒரு ஓட்டுல தோத்தவகிட்டப் போயி, யாருக்குப் போட்டேன்னு கேக்கலாமா?